பத்துக்கு நான்கு

ஏழாவது கேள்வி:
மாற்றம், ஆன்மா, இன்பம்
இம்மூன்றையும் பழங்கிரேக்கர் எண்ணியவாறு விளக்குக.
பத்து மதிப்பெண்.

ஊட்டிக் கல்லூரியில் தொலைநிலைத் தேர்வு.
என் நகக்கண்ணில் உலையெண்ணெய்.
முந்தின இரவு குன்னூர் ஷெட்டில்
இன்ஜினின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தேன்,
பல்சக்கரம் மாற்ற.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன்.
எல்லாமே ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் ஒருவர்.
எதுவுமே அசையவில்லை,
அசைவென்பது கண்ணின் பிழை என்றார் இன்னொருவர்.
இரண்டு கிழவர்களையும்
கல்லாறு ஸ்டேஷனில் ஏற்றிவிட வேண்டும்.
ஏற்றத்தில் எங்கள் வண்டியை
ஆடு முந்தும்.
ஒருவருக்கு ஜன்னல், ஒருவருக்குக் கதவோரம்;
ரன்னிமேடு வருவதற்குள்
இருவர் சொன்னதும் சரியாகிவிடும்.
(இதை அடித்துவிட்டேன்.)

ஏதென்ஸ் துறையில் ஒரு கப்பலாம்.
உளுத்ததைக் கழற்றிப் புதுப்பலகை அறைந்து அறைந்து
பழசென்று ஒன்றும் மிஞ்சாதபோது
அதே கப்பலா இது என்று வாதாடினார்களாம்.
ஆணியடித்த தச்சனை
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
எங்கள் இன்ஜினின் புகைபோக்கி பொன்மலையில் செய்தது.
கொதிகலன் இது மூன்றாவது.
நிலக்கரி போய் எண்ணெய் வந்ததில்
அதன் பசியே மாறிவிட்டது.
ஆனாலும் டிரைவர் பெள்ளியண்ணன்
இருட்டில் படியில் கால் வைத்ததும் சொல்வார்:
"இவளுக்கு இன்னிக்கி இடது பக்கம் வலி."
போய்ப் பார்த்தால்
இடது பக்கம்தான்.

அப்படியானால் ஆன்மா எங்கே?
உடலுக்குள் அடைபட்டது என்று ஒரு கட்சி.
உடல் செய்யும் வேலையின் வடிவமே அது என்று
மறுகட்சி.
நான் எழுதியது இது:
மலையேறும்போது எங்கள் இன்ஜின் முன்னால் இருப்பதில்லை.
பின்னால் நின்று தள்ளுகிறது.
பெட்டிக்குப் பெட்டி முகப்பில் ஒரு பிரேக்ஸ்மேன்,
கையில் கொடியோடு.
போ என்பது பின்னாலிருந்து வருகிறது,
நில் என்பது முன்னாலிருந்து.
நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்
முறுக்குத் தின்கிறார்கள்.

எனக்கும் கழற்றியவை உண்டு.
முப்பத்தெட்டில் கருப்பை.
அதற்கு முன்பு ஒரு கணவர்.
அட்டனில் பிறந்த சிவபாக்கியத்தின் 'வ'
மண்டபம் முகாமில்
எழுத்தரின் பேனாவிலிருந்து விழுந்துவிட்டது.
சம்பளச் சீட்டில் இன்றும் நான் சிபாக்கியம்.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.
யார் திரும்புவது என்று
எந்தக் கட்சியும் சொல்லவில்லை.

இன்பம்.
இந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில்
நல்ல தெய்வம் துணையிருத்தல் என்று பொருளாம்.
இங்கே அது பாக்கியம்,
என் பெயரில் இன்னும் விழாத பாதி.
செத்து முடிந்த பிறகே
ஒருவனை இன்பமாக வாழ்ந்தவன் என்று சொல்லலாம்
என்றாராம் சட்டம் எழுதிய ஒருவர்.
நான் அவ்வளவு காத்திருக்கவில்லை.

விடிகாலை நாலு நாற்பது.
ஸ்டேஷனுக்குக் கீழே பல்தண்டவாளம் தொடங்கும் இடம்.
பனியில் என் டார்ச்சுக்கு
முழ தூரம்கூடத் தெரியவில்லை.
புதுப்பல் இறங்கிக் கவ்வியது.
டக்.
பெரிய சத்தமில்லை,
பெட்டி மூடும் சத்தம்தான்.
பெள்ளியண்ணன் மேலிருந்து ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு டம்ளர் டீ மட்டும்
இருட்டில் இறங்கி வந்தது.

மீதிக்கு நேரமில்லை.
ஜன்னல்வழி மேகம் வந்து
விடைத்தாளைப் புரட்டியது.
பையில் கைவிட்டால் உடைந்த பழைய பல்.
அதைத் தூக்கி மேலே வைத்தேன்.
என்னம்மா இது என்றார் கண்காணிப்பாளர்.
பேப்பர் பறக்காமலிருக்க சார்.

பத்துக்கு நான்கு.
பணம் கட்டி நகல் வாங்கிப் பார்த்தேன்.
கப்பலுக்குக் கீழே சிவப்பு மையில்,
"வினாவிற்குத் தொடர்பில்லை."
டீக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் அடித்துவிட்ட
இரண்டு கிழவர்களுக்குப் பக்கத்தில்,
பென்சிலில்,
ஒரு சின்ன டிக்.