வெள்ளைக் குவியல்

ஜெகதேவிக்குப் போகிற வழியில்
பாலிஷ் பட்டறைக்காரர்கள் கொட்டிக் கொட்டி
ஒரு மலையே ஆகிவிட்டது.
கல் அறுத்த தண்ணீர் வடிந்து மிஞ்சின மாவு.
காய்ந்தால் கண்ணைக் கரிக்கும்,
நனைந்தால் வழுக்கும்.
பர்கூர் ஸ்டூடியோக்காரன்
கல்யாண ஜோடிகளைக் கூட்டிவந்து
காஷ்மீர் என்று படம் எடுக்கிறான்.
பங்குனி வெயிலில் மாப்பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை.

லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர்
அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கம் பிள்ளைகள்
கிழிந்த ஃப்ளெக்ஸில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
யார் வீட்டுக் காதுகுத்தோ,
தாய்மாமன்கள் வரிசையாக முகங்குப்புற.
முன்னால் எங்கள் யசோதா,
பின்னால் லாரிக்கார மாதையன் மகன்,
நடுவில் நாய்.

"அங்கே இதுக்கு ஸ்லெட்ஜுன்னு பேரு."
பதினோரு வருஷத்தில் பனியைப் பற்றி
அவர் சொன்ன மூன்றாவது சேதி.
முதலாவது, மீசையில் மூச்சு உறையும்.
இரண்டாவது, வெங்காயத்தைச் சுத்தியால் உடைக்கணும்.

ஏறித்தான் பாருங்களேன் என்றேன்.

"இழுத்திருக்கேன். ஏறினதில்ல."

இடுப்பில் கயிறு, பின்னால் மண்ணெண்ணெய் கேன்.
முப்பது அடி எண்ணி நிற்கணும்,
மூச்சு திரும்பினால் மறுபடி முப்பது.
"ஏறினவன் ஒருத்தன்தான்.
ரோத்தக் பக்கத்துப் பையன்.
கட்டித்தான் ஏத்தினோம்."

கேன்களைவிட லேசாக இருந்தானாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
அவர் கையைப் பிடித்து உச்சிக்குக் கூட்டிப்போனேன்.
பிள்ளைகள் இடம் விட்டார்கள்.
உட்காரத் தெரியவில்லை மனுசனுக்கு,
சப்பணம் போட்டார், பந்தியில் உட்கார்கிற மாதிரி.
முதுகில் கைவைத்துத்
தள்ளிவிட்டேன்.

எந்த மொழியில் கத்தினாரோ.
இந்தியும் இல்லை, நம் தமிழும் இல்லை.
கீழே குட்டையில் போய் விழுந்து
முழு உடம்பும் வெள்ளையாக எழுந்தார்.
ஸ்டூடியோக்காரன் கேமராவைத் திருப்பினான்,
மணப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றது யசோதா இல்லை, அவர்.

ஃப்ளெக்ஸின் கயிற்றைக் கையில் பிடித்தால் போதாதா?
இடுப்பில்தான் கட்டினார்.
மகளும் நாயும் மேலே உட்கார
குனிந்து ஏறினார், உதடு அசைந்தது.
முப்பதில் நின்றார்.
யசோதா தாய்மாமன் ஒருவர் மூக்கின் மேல்
கால் நீட்டிக்கொண்டு, "போப்பா" என்றாள்.

ராத்திரி பேண்ட்டை ஊறப்போடும்போது
பாக்கெட் கல்லாகிவிட்டிருந்தது.
கரண்டிக் காம்பால் தட்டி உடைத்தேன்.
உள்ளே ஒரு பஸ் டிக்கெட்,
ஓசூர் முதல் பர்கூர் வரை,
எழுத்து அழியாமல்.