ஜூலைக்காரர்கள்

விலா சல்கேய்ரா நகரசபைக்கு
திடீரென்று ஒரு பெருமை தேவைப்பட்டது.
ஜூலையில் பிறந்த எங்கள் பிரபலங்கள் ஐவரின் பெயரை
வெள்ளைப் பளிங்கில் வெட்டி
மீன்சந்தை வாசலில் நிறுத்தத் தீர்மானம்.
தேதி சரிபார்க்கும் வேலை எனக்கு.
பிறப்புப் பதிவேட்டு அலமாரியின் சாவி
பதினெட்டு வருடமாக என் இடுப்பில்.

லிஸ்பனிலிருந்து ஒரு தொலைக்காட்சி ஜோதிடர் வந்தார்.
கடக ராசி என்றார், நண்டின் பிடிவாதம் என்றார்,
நண்டுச் சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.
மீன் அரியும் பெண்கள்
கத்தியை நிறுத்தாமல் சிரித்தார்கள்.

அவர்களுக்குக் கணக்குத் தெரியும்.
ஏப்ரலில் கப்பல்கள் போகும்
நியூஃபவுண்ட்லாந்துப் பனிமூட்டத்துக்குள், காட் மீனுக்கு.
அக்டோபரில் திரும்பும், உப்பேறிய தாடிகளோடு.
அங்கிருந்து விரலை மடக்குங்கள்:
ஒன்பதாவது விரல் ஜூலை.
கதவைத் தட்டியது ராசி இல்லை,
அப்பா.

(என் அப்பா உப்புக் கிடங்கில் எடை போட்டவர்.
வருடம் முழுக்க வீட்டில்.
நான் நவம்பர். எனக்குப் பளிங்கு கிடையாது.)

பெல்மீரு, ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி தடுத்தவன்.
நான்காவதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.
ஸுல்மீரா, மிலானில் ஆப்பெரா பாடியவள்;
ஊருக்கு வந்தால் அதே மூச்சில் தக்காளிக்காரனைத் திட்டுவாள்.
அடால்ஜீஸா அலைகளைச் சமன்பாட்டில் பிடித்தாள்,
நீந்தத் தெரியாது.
கள்ளநோட்டு லெயோபோல்தீனுவும் பிரபலம்தானே என்று
சபையில் இரண்டு மணி நேரச் சண்டை.
அவன் அச்சடித்த ராஜா
அசலைவிட லட்சணமாக இருந்தாராம், சேர்த்துவிட்டார்கள்.

ஐந்தாவது, கிராசியெட்டா.
கடலடி நீரோட்டங்களுக்கு வரைபடம் தந்தவள்,
தபால்தலையில் முகம் வந்தவள்,
பல்லோடு பிறந்தவள்.
எல்லாப் பேட்டியிலும் இந்த வரி வரும்:
ஞானஸ்நானத் தொட்டியில்
பாதிரியார் விரலைக் கடித்த அதிசயக் குழந்தை.

பதிவேட்டில் ஜூலை 9.
பதிவேட்டுக்கு அடியில்
மருத்துவச்சியின் நோட்டு, பச்சை அட்டை.
அதில் பிப்ரவரி 11, அதிகாலை, பெண், நலம்.

விரலை மறுபடி மடக்கினேன்.
மே மாதம்.
கப்பல்கள் கடலில் இருந்த மே.

அந்த அக்டோபரில் துறைமுகத்தில் அர்மீந்து இறங்கியபோது
மனைவியின் சால்வைக்கடியில் ஐந்து மாதம்.
அவன் மூட்டையைத் தோள் மாற்றினான்,
அவள் பக்கத்துத் தோள் காலியானது,
இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள் என்கிறார்கள்.
அடுத்த ஏப்ரலில் அவன் கப்பல் ஏறவில்லை.
ஜூலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு
இதே மேசைக்கு வந்தான்.
நேற்றிரவு பிறந்தது, என்றான்.
குழந்தை சிரித்தது,
குமாஸ்தா எர்மெனெஜில்துவின் கழுத்துப்பட்டையை எட்டிப் பிடித்தது.
அவர் அதை மெல்ல விடுவித்துக்கொண்டு
நேற்றிரவு என்றே எழுதினார்.
கையெழுத்தில் நடுக்கம் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இந்த ஊர் தானாக மூடிக்கொண்டது.
மூடிய வாயிலிருந்து
ஒரு பல் மட்டும் கதையாக வெளியே வந்தது.

சபைக்கு எழுதி அனுப்பினேன்:
ஐந்து தேதிகளும் சரி.

திறப்பு விழாவில் மழை.
பெல்மீரு குடையைத் தவறவிட்டான், எல்லாரும் கைதட்டினார்கள்.
கிராசியெட்டா பளிங்கில் தன் வரியை
விரலால் தடவிப் பார்த்தாள்,
பிறகு என்னிடம் வந்தாள்.
அம்மா வருடத்துக்கு இரண்டு கேக் செய்வாள், என்றாள்.
ஒன்று, குளிர்காலத்தில், திரையை இழுத்துவிட்டு.

நான் சாவியைத் தொட்டேன்.
என்ன கேக், என்று கேட்டேன்.

ஆரஞ்சு, என்றாள்.
சிரித்தபோது பற்கள் தெரிந்தன.