இடது தோள்

ஓட்டேரியில் மாவு மில்லுக்கு மேலே ஜிம்.
கீழே மிளகாய் அரைக்கும் நாளில்
மேலே தும்மிக்கொண்டே தண்டால் எடுப்போம்.
ஒரு தும்மலுக்கு ஒரு கிரஞ்ச் கழித்துக்கொள்ளலாம்
என்பது ஷாகுல் கணக்கு.

அவன்தான் போட்டோ எடுத்துக் காட்டினான்.
இடது பக்கம் மூன்று கட்டும் புடைத்து நிற்க
வலது பக்கம் மூன்றும் அரை விரற்கடை இறங்கி,
விலாவுக்குக் கீழே சதையே எழும்பாமல்,
லெவல் பார்க்காத கொத்தனார்
சாயங்கால அவசரத்தில் வைத்த கல்.

எனக்குக் குழப்பம்.
ஒன்பது வருஷமாக வாட்டர் கேன் போடுகிறேன்.
புரசைவாக்கத்தில் லிஃப்ட் இல்லாத நாலு மாடிகள்.
எல்லாம் வலது தோள்.
இடது கை, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல
கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறும்.
வலதுதானே பெருத்திருக்க வேண்டும்?

ஜிம் சாவி வைத்திருக்கும் எபினேசர் சிரித்தான்.
"சுமை வலப்பக்கம் இழுக்குது.
நீ சாயாம பிடிச்சு நிறுத்துறது யாரு?"
இடது இடுப்பு.
மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே
வாய் திறக்காத ஒரு மருமகள்.

தோளை மாற்றினேன்.
முதல் வாரம் தண்ணீர் தளும்பும் சத்தம்
தப்பான காதில் கேட்டது.
இரண்டாம் மாடி டெய்சி மேடம்,
"நடையே ஒரு மாதிரி இருக்கே, அடி பட்டுதா?"
என்று பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.
எல்லாம் வயித்துக்காகத்தான் மேடம் என்றேன்.
அவர் புரிந்துகொண்டது வேறு வயிறு.

இரவில் கம்பியில் தொங்கிக் கால் தூக்கினேன்.
இடது பக்க பிளாங்க் ஒன்று என்றால் வலதுக்கு இரண்டு.
முட்டையில் வெள்ளை எனக்கு,
மஞ்சள் மகளுக்கும் பவுலினுக்கும்.
அவர்கள் இருவரும் மினுமினுக்க
நான் வற்றிக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் இடுப்பு ஏறக்குறைய சரி.
கட்டுகள்தான் அசையவில்லை.
எபினேசர் டார்ச் அடித்துப் பார்த்தான்.
"இது பொறக்கும்போதே போட்ட தையல்.
சதையைப் பெருக்கலாம், பிரிச்சித் தைக்க முடியாது."
அன்று வீடு வரை
எதிரே வந்தவர்களின் சட்டை பட்டனையே பார்த்து நடந்தேன்.
உள்ளே யாருக்கும் நேராக இருக்காது என்றொரு நப்பாசை.

போட்டி பெரம்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் கூடாது.
தோலுக்கும் தசைக்கும் நடுவே ஈரம் நின்றால்
கோடு தெரியாதாம்.
மே மாதம், சனிக்கிழமை.
எழுபத்து மூன்று கேன்.
ஆயிரத்து நானூற்று அறுபது லிட்டர்
என் காதருகே தளும்பித் தளும்பி
மாடி மாடியாக ஏறிப் போனது.
எச்சில் விழுங்கப் பார்த்தேன், அதுவும் இல்லை.
கடைசி வீட்டில் ஒரு பையன்
சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.
நான் போட்ட கேன்தான்.
வேண்டாம் தம்பி என்று சொன்னேன்;
கல்லோடு கல் உரசும் மில் சத்தம் வந்தது.

மேடையில் பதினேழாம் நம்பர்.
சாயம் பூசிய உடம்பு, நெற்றியில் ஃபோகஸ் லைட்.
மூச்சை முழுக்க விட்டு இறுக்கினேன்.
நடுவர் ஒருவர் பேனாவைக் கிடையாகப் பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
பார்த்துவிட்டார்.
ஒன்பது பேரில் ஆறாம் இடம்.

வெளியே, ஷாகுலின் ஆட்டோவில் ஒரு கேன்.
மூடியைப் பல்லால் பிய்த்து
அண்ணாந்து அப்படியே குடித்தேன்.
சாயம் கரைந்து முழங்கால் வரை ஓடியது.
வயிறு எழும்ப எழும்ப
ஒவ்வொரு கோடாக மூழ்கியது.
ஷாகுல் போனை நீட்டினான்:
"பாருடா. இப்பதான் ரெண்டு பக்கமும் சமம்."

மிச்சத் தண்ணீரோடு கேனைத் தூக்கி
வீட்டுப் படி ஏறும்போதுதான் கவனித்தேன்.
இடது தோள்.
யாரும் சொல்லாமலே.