பதினாலுக்கு மேல்

மல்லாவி நெற்களஞ்சியத்தில்
ஈரம் பார்க்கிறவள் நான்.
ஒரு பிடி நெல்லைக் கருவிக்குள் போட்டு
மூடியைத் திருகினால் எண் வரும்.
பதினாலுக்குள் என்றால் எடுப்போம்.
மேலே என்றால்
மூட்டையோடு திரும்பிப் போகவேணும்.
இதிலே கதை இல்லை.

எனக்கும் ஒரு எண் வந்தது, தையில்.
இருநூற்றுப் பதின்மூன்று.
கிளினிக் அட்டையில் சிவப்பால் எழுதி
"சீனியை விடுங்கோ அக்கா" என்றா
நேர்ஸ் சுலோசனா.
விட்டேன்.
வவுனியாவிலிருந்து கேதீஸ் வாங்கிவந்தார்
விரல் நீளத்தில் ஒரு வெள்ளை டப்பி.
தலையில் அமத்தினால்
டிக்.
பயற்றம் பருப்பிலும் சின்னதாய்க் குளிசை.
கோப்பைக்கு இரண்டு டிக்.

அந்த இனிப்பு பிந்தித்தான் வரும்.
தேத்தண்ணி தொண்டை தாண்டின பிறகு
நாக்கின் பின்பக்கம் வந்து நிற்கும்,
போகச் சொன்னாலும் போகாது,
வியாழக்கிழமைக் கடன்காரப் பெடியன்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல்
படலையடியில் நிற்கிற மாதிரி.

மூன்றாம் கிழமை
என் வாய் என்னுடையதாய் இல்லை.
பாண்டியன்குளத்துச் செல்லக்கண்டரின் நெல்
பதினைந்து தசம் இரண்டு காட்டியது.
"காயவிட்டுக் கொண்டுவாங்கோ" என்றிருக்கலாம்.
"தண்ணிக்குக் காசு கேக்க வந்தனியளோ" என்றேன்.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அவர் ஒன்றும் சொல்லாமல்
சிந்தின நெல்லைக் கையால் கூட்டி
மூட்டைக்குள் போட்டார்.
அந்தக் கை இரவிரவாய்
என் கண்ணுக்குள் கூட்டிக்கொண்டிருந்தது.

தலையிடி. நித்திரை இல்லை.
மின்விசிறியோடு சண்டை,
கேதீஸின் செருமலோடு சண்டை.
மேசையில் டப்பி.
நீயோ?

காலியிலிருந்து வந்த டொக்டர் பெடியன்
பழகின தமிழில் மெதுவாய்ச் சொன்னார்:
"சிலபேர் அப்பிடிச் சொல்றாங்க.
ஆராய்ச்சி இருக்கு. முடிவு இல்ல."
பிறகு ஒரு படிவம்.
மனச்சோர்வு: உண்டு, இல்லை.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி
சுலோசனா என்னைப் பார்த்தா,
நான் அவவைப் பார்த்தேன்.
வாசலில் நாற்பது பேர்.
இல்லை என்பதில் சரி போட்டா.

மகள் அபிநிலா பயோ படிக்கிறவள்.
"உங்களுக்குத் தெரியாமல் தாறன் அம்மா.
ஒருநாள் குளிசை, ஒருநாள் அரைக் கரண்டி சீனி.
டொக்டரிட்டக் கேட்டனான், பதினாலு நாள்தானே.
எது எண்டு கேக்கக்கூடாது.
இரவில கோபத்துக்கு மட்டும் ஒரு நம்பர் எழுதுங்கோ."
எழுதினேன்.
ஊர் நெல்லுக்கெல்லாம் எண் போட்டவள்
என்னைப் பிடியாய் அள்ளி
கொப்பிக்குள் திருகினேன்.

கெட்ட நாள் ஐந்து.
இரண்டில் குளிசை. இரண்டில் சீனி.
மற்ற நாள் அவள் எதையும் போட மறந்திருக்கிறாள்.
அன்றைக்கு நான் எழுதியிருந்தேன்:
இனிப்புக் கூடிப்போச்சு.

ஓரத்தில் பென்சிலால் அவளுடைய குறிப்பு.
கடன் பெடியன் வந்தவன்.
மழை, நெல் நனைஞ்சது.
மாமாவைப் பற்றி அந்த அலுவலகத்தின்ர கடிதம்,
திரும்பவும் அதே கேள்வி.
அப்பாவோட பேசேல்ல.
ஐந்தாவதுக்கு ஒன்றும் இல்லை.
வெறும் கோபம், காரணம் இல்லாமல்,
பொறி கக்காத அடுப்புப் போல.

குளிசையில் குற்றம் இல்லை என்று
நான் சொல்லவரவில்லை.
டப்பி முடிந்த கிழமைதான்
தலையிடியும் விட்டது.
மழையும் அந்தக் கிழமைதான் விட்டது.

செல்லக்கண்டர் பிறகு வரவில்லை.
மகனை அனுப்பியிருந்தார்.
பதின்மூன்று தசம் எட்டு.
எழுதிக் கொடுத்தேன்.
அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை,
துண்டை மட்டும் மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்தான்.

கன்ரீன் பொடியன் தட்டோடு வந்தான்.
"அக்காவுக்குச் சீனியோ, அதோ?"
ஒன்றும் போடாதே என்றேன்.

கசந்தது.
பிந்தாமல்,
வாயில் வைத்த உடனே.