திறப்பு

போத்தலின் நெற்றியில் ஒரு மஞ்சள் ஒட்டு:
பாதி மூடிய கண்,
அதற்குக் கீழே ஒரு கார்.
எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும்.
எனக்கு விளங்க ஒரு மாரி எடுத்தது.

மோர்னிங்சைட் சந்தியில்
சிவப்புக்கு நின்றேன்.
பச்சை வந்து போயிருக்கிறது.
பின்னால் நின்ற லொறி அலற
கண் திறந்தால்
திரும்பவும் சிவப்பு.
தவளைப்பச்சைச் சப்பாத்தோடு ஒரு பெடியன்
பனிச்சேற்றை மிதித்து மிதித்துக்
கடந்துகொண்டிருந்தான்.
என் கால் பிரேக்கில்தான் இருந்தது.
விறைத்த கால்.
இருந்ததைக்
குனிந்து பார்த்துத்தான் அறிந்தேன்.

ஒருவருக்கும் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து அரிசி கழுவினேன்,
தண்ணீர் தெளிந்த பிறகும்.

'போட்டால் ஓடாதேங்கோ அக்கா,
ஓடுறதெண்டால் போடாதேங்கோ'
என்றாள் பார்மசியில் துவாரகி,
மிச்சக் காசை எண்ணியபடி.

போடாமல் ஓடிய நாட்களும் உண்டு பிள்ளை.
நாரிக்குள் காய்ச்சிய கம்பி.
தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்க ஏலாமல்,
லேன் மாறாமல்,
நானூற்றொன்றில் நேரே நேரே போய்
பிக்கரிங்கில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன்.
'கடைக்குப் போனன்' என்றேன் வீட்டில்.
வெறுங்கையோடு.
நோவும் கண்ணைக் கட்டும்,
அதற்கு ஒட்டு இல்லை.

நேற்று இரவு வேலையில்
பாண் பெட்டிகள் பட்டியில் வந்துகொண்டே இருந்தன.
நாலு மணிக்கு
தாங்க ஏலாமல் ஒன்று விழுங்கினேன்.
ஏழுக்கு ஷிப்ட் முடிய
கார் கண்ணாடியில் உறைபனி சுரண்டினேன்.
சுரண்டச் சுரண்ட
உள்ளே என் இருக்கை தெரிந்தது.
நின்றேன்.
பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த மரிசெலைக்
கூப்பிட்டேன்.
'இண்டைக்கு நான் ஓடக்கூடாது'
என் உடைந்த ஆங்கிலத்தில்
அது உடையாமல் வந்தது.
திறப்பைக் கொடுத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை,
கதிரையை மட்டும் முன்னுக்கு இழுத்தாள்.
அவள் குட்டை.

என் காரில் நான் பக்கத்து ஆள்.
பதினொரு வருஷம் ஓடிய பாலத்துக்குக் கீழே
ஒரு ஆறும் ஓடுகிறது.
விளிம்பெல்லாம் பனிக்கட்டி,
நடுவில் கறுப்பாய் ஒரு கோடு தண்ணீர்.
இதுவரை நான் கண்டதில்லை.

'பாத்தியா' என்று கேட்க வாயெடுத்தேன்.
வேண்டாம்,
அவள் ரோட்டைப் பார்க்கட்டும்.

சந்தியில் மெதுவாகத்தான் நிறுத்தினாள்.
ஆனாலும் வீடு வரும்வரை
என் வலது கால்
இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே இருந்தது.