சிவப்புக் குடையடி

"முன்னூறு மீற்றரில் இடப்பக்கம் திரும்புக" என்றால்
இங்கே ஒருவரும் திரும்புவதில்லை.
மீற்றர் துணிக்கடைக்கு.
வழிக்கு ஓர் அடி வேண்டும்:
அரசடி, புளியடி, கோயிலடி,
மரம் போய்ப் பெயர் மட்டும் நிற்கிற இடத்திலும்
அடி.

ஆகவே நிரலில் எழுதினேன்:
தூரத்தை விடு, அடையாளம் தேடு.
எட்டத்திலேயே தெரிய வேண்டும்,
பக்கத்தில் அதைப்போல் இன்னொன்று கூடாது,
நாளைக்கும் நிற்க வேண்டும்.
மூன்றுக்கும் புள்ளி போடு.

முதல் வாரம் அது சொன்னது,
"வைரவர் கோயிலில் திரும்புக."
கொக்குவில் மேற்கில் அந்த ஒரே ஒழுங்கைக்கு நாலு வைரவர்.
நாலாவது சூலத்தடியில் நின்று நிதுர்சன் எடுத்தான்,
சோற்றுப் பொதி ஆறிக்கொண்டிருந்தது:
"அக்கா, எந்த வைரவர்?"

அடுத்த வாரம் மஞ்சள் மதில்.
சாமத்திய வீட்டுக்கு அதை நீலமாக்கிவிட்டார்கள்.
ஒருநாள் "தகரப் படலை" என்றது;
ஊர் முழுக்கத் தகரப் படலை.

மூன்றிலும் முழுப்புள்ளி வாங்கியது
சந்தியில் நிற்கும் காவலரண்.
எல்லாருக்கும் தெரிந்த இடம்,
ஒருவரும் வழி சொல்ல எடுக்காத இடம்.
பட்டியலிலிருந்து கையால் அழித்தேன்.
காரணம் எழுதும் கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

பிறகு பெடியளின் தலைக்கவசக் கமராக்களிலிருந்து
எண்ணாயிரம் படங்கள் கொடுத்தேன்.
மூன்று நாள் இரைந்தது கணினி.
நாலாம் நாள் ஒரு வரி:
"சிவப்புக் குடையில் இடப்பக்கம் திரும்புக."

பிழை என்றுதான் நினைத்தேன்.
படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
கடைப்பலகை மாறியது,
கனடாக்காரரின் வளவில் பாதி வீடு முளைத்து நின்றது,
குடை மட்டும் அசையவில்லை.
குடைக்குக் கீழே
லொத்தர் சீட்டு விற்கிற பிலோமினா.
நிரலுக்கு அவவைத் தெரியாது.

இரண்டு மாதம் ஒரு பொதியும் தவறவில்லை.
ஐப்பசியில் ஒரு செவ்வாய்
பதினேழு பொதிகள் நேரே போய்
தரவையில் மாடுகளோடு நின்றன.
மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று
பிலோமினா மன்னாருக்குப் போயிருந்தா.

வந்தபிறகு போய்ச் சொன்னேன்.
கண்ணாடியைப் போட்டுத் திரையை வாசித்தா.
"அப்ப நான் லீவு போடுறதெண்டா
உம்மட்டையோ கேக்க வேணும்?"
கொஞ்சம் பொறுத்து,
"குடை எண்டு கிடக்கு.
என்ரை பேரைப் போடேலாதோ?"

பெயருக்கு நிரலில் கட்டம் இல்லை.
பெயர் எட்டத்திலிருந்து தெரியாது என்றேன்.
"அதுக்குத்தானே பிள்ளை கூப்பிடுறது."

ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.
விழவில்லை.

மார்கழியில் பேரனின் ஞானஸ்நானம்.
குடையை விரித்து,
காம்பை மின்கம்பத்தோடு கயிற்றால் கட்டி,
அடியில் கல்லும் முண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறா,
எனக்குச் சொல்லாமல்.
மழைக்குள்ளும் பொதிகள் சரியாகத் திரும்பின.

நிதுர்சன் மட்டும்
சந்தியில் நின்று எடுத்தான்:
"அக்கா, குடை நிக்குது.
ஆளைக் காணேல்லை.
திரும்பவோ?"