இடது கைத் துடுப்பு

நாலு பாகம். இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
பல்லாவரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே
பெரும்பாலும் நின்றுகொண்டே படித்தது.
அரசி பார்வை இழக்கும் இடத்தில்
இறங்க மறந்து மாம்பலம் போயிருக்கிறேன்.

படம் இரண்டே முக்கால் மணி நேரம்.
வடபழனி, ஞாயிறு, மாலைக் காட்சி.
பக்கத்து இருக்கையில் ஜெசிந்தா.
கதையில் ஒரு வரி படித்தவளில்லை.
பதினொரு மாதம் இந்தப் படத்துக்காக
இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்தவள்.
நடிகர்களைத் தூக்கிய கம்பிகளை அழித்தவள்.
பறக்கும் யாளியின் இடது காதுக்கு
மயிர் நட்டவள்.

நான் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன்.
உப்பு நகரத்துக்கு எதற்கு இத்தனை விளக்கு?
அரசியின் மூன்று தம்பிகள் ஒருவனாகியிருந்தார்கள்,
அவனுக்கு மூவரின் கோபமும் கூடவே ஒரு பாட்டும்.
நாற்பது பக்க மழை
நாலு நொடி மேகமாக நகர்ந்து போனது.

ஆனால் கோட்டைக் கதவு திறக்குமே, அது.
புத்தகத்தில் ஆறு பக்கக் கதவு.
ஒவ்வொரு தடவையும் தாண்டித்தான் படித்திருக்கிறேன்.
படத்தில் கதவே தெரியவில்லை.
காவல்காரன் முகத்தில்
வெளிச்சம் மெல்ல அகலமானது.
கையிலெடுத்த சோளப்பொரி
வாய்க்குப் போகவில்லை.
இதை ஜெசிந்தாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.
அவளோ யாளி வரும்போதெல்லாம்
என் முழங்கையைக் கிள்ளினாள்:
"காது, காது."

நான் காத்திருந்தது ஓடக்காரி நாரைக்கு.
போரில் அவளுக்கு வேலை கிடையாது.
அக்கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டு
வெறும் படகை நடு ஆற்றில் நிறுத்துவாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யமாட்டாள்.
பிறகு வந்த திசைக்கே திரும்புவாள்.
ஒரு அத்தியாயம் முழுக்க இவ்வளவுதான்.

வரவில்லை.
அரசி இக்கரையிலிருந்து அக்கரைக்கு
ஒரே வெட்டில் போய்விட்டாள்.
ஆறே இல்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அரங்கம் எழுந்தது.
நாங்கள் எழவில்லை.
ஐந்து வரிசையாய் எறும்புகள் ஏறின.
"அதோ" என்பதற்குள் போயிற்று.
"பார்த்தியா?"
பார்த்தேன் என்றேன்.

பார்க்கிங்கில், இருநூறு வண்டிகளுக்கு நடுவே
எங்கள் வண்டியைத் தேடியபடி
நாரைக்காகப் புலம்பினேன்.
ஜெசிந்தா நின்றுவிட்டாள்.
"படகோட்டுற அம்மாவா?
பண்ணினோமே. நாலு மாசம் அந்தத் தண்ணிதான்.
துடுப்புலேர்ந்து விழுற ஒவ்வொரு சொட்டும் என்னுது.
கடைசி வாரம் தூக்கிட்டாங்க."

இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி,
குளிரூட்டிய அறையில், ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்கில்
நடு ஆற்றில் நிற்கிறாள் நாரை.

"ஒண்ணு கேக்கணும்"
ஹெல்மெட் பாதி மாட்டியிருந்தது.
"அந்தம்மா ஏன் திரும்பிப் போகுது?
எங்களுக்கு ஷாட் நம்பர்தான் குடுப்பாங்க."

சொன்னேன்.
இக்கரையில் ஒரு நாய் இருக்கிறது.
முதல் பாகத்தில் ஒரே வரியில் வரும்,
அவள் மீன்தலை போடுவாள், அது தின்னும்.
பிறகு ஆயிரம் பக்கம்
அந்த நாயைப் பற்றிப் பேச்சே இருக்காது.

"நாயா?" என்றாள்.
வெகுநேரம் சாவியைப் போடவில்லை.
"உதட்டோரம் ஒரு நெளிவு இருந்துச்சுடி.
ஏதோ குறைன்னு நெனச்சு
நான்தான் அழிச்சேன்."

காவலர் எங்கள்மேல் டார்ச் அடித்தார்.

ஆற்காடு சாலை சிக்னலில் தலையைத் திருப்பிக் கேட்டாள்:
"இடது கையாலதான துடுப்புப் போடும்?"
அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன்.
இரண்டாம் பாகம், அறுநூற்று மூன்றாம் பக்கம்.
'நாரை துடுப்பை எடுத்தாள்.'
எந்தக் கை என்றே இல்லை.

இன்னொரு முறை படித்தேன்.
இடது கையால் எடுத்தாள்.